பந்தக்காலும் புதைகுழாயும்

1936 மே 17, ஞாயிறு. தியாகராய நகர்.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. என் பெண் கமலாவின் கல்யாணத்துக்கு நாளைக் காலை பந்தக்கால் நட வேண்டும். மயிலாப்பூரிலிருந்து வந்த என் அண்ணா தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புல் பச்சைப்பசேலென்று மண்டியிருக்கும் ஈசான்ய மூலையில் போய் நின்றார்.

"இங்கேதான் நடணும்."

"அங்கே வேண்டாம் அண்ணா, வாசல் பக்கம் நடலாம். செப்டிக் டேங்க் தண்ணி அந்த மண்ணுக்குள்ள இருக்கற குழாய் வழியாத்தான் வடியறது. கடப்பாரை பட்டா உடைஞ்சுடும்."

"கல்யாண ஆத்துல பேசற பேச்சாடி இது? சாஸ்திரத்தை விட உன் கக்கூஸ் பெரிசா?"

என் அகத்துக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

போன ஐப்பசி மழையில் விறகு வண்டி ஏறி அங்கே ஒரு குழாய் நொறுங்கியது. தண்ணீர் வடிய வழியில்லாமல் கக்கூஸ் பொங்கிக் கூடம் வரை வந்தது. கழுவித் தள்ளியவள் நான். அண்ணாவும் இல்லை, சாஸ்திரமும் இல்லை.

"சம்பந்தியாத்து மனுஷா எல்லாரும் இங்கேதான் தங்கப்போறா. பொங்கித்துன்னா உங்காத்துக்கு அனுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பொம்மனாட்டி பேச்சைக் கேட்டுக் கால் நடற வழக்கம் நம்மாத்துல இல்லை," என்று சொல்லிவிட்டு, கடப்பாரையைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வாசல் பக்கம் நட்டால் கமலாவுக்குத் தாலி ஏறாதா? ஒருவேளை ஏதாவது... வேண்டாம். அதை எழுத மாட்டேன்.

கடப்பாரையை எடுத்துவந்து என் பாய்க்கடியில் போட்டிருக்கிறேன். முதுகில் குத்துகிறது. குத்தட்டும்.