தனித்த வீட்டில் உசியாவின் வருஷங்கள்

மார்ச் 4, புதன்

வேதத்து ராஜாக்களின் வருஷக் கணக்கு இன்றும் இடிக்கிறது.

தெற்கே யூதா, வடக்கே இஸ்ரவேல். வடக்கே கலகம் செய்த சேனாபதி யெகூ இரண்டு தேசத்து ராஜாக்களையும் ஒரே நாளில் தீர்த்துக்கட்டினான். அதனால் இரண்டு பக்கமும் கணக்கு அன்றே புதிதாகத் தொடங்குகிறது. முடிவும் ஒன்றுதான்: வடக்கின் தலைநகர் சமாரியா பிடிபட்ட வருஷம், எசேக்கியா ராஜாவுக்கு ஆறாம் வருஷம். நடுவில் ஆண்டவர்களின் வருஷங்களைக் கூட்டினால் யூதாவில் நூற்று அறுபத்தைந்து. இஸ்ரவேலில் நூற்று நாற்பத்து மூன்றும் ஏழு மாதமும். ஒரே வாசலில் புகுந்து ஒரே வாசலில் வெளியே வருகிறவர்களுக்கு இருபத்தொரு வருஷ வித்தியாசம் எங்கிருந்து வரும்? வேதத்தில் பிழை என்று சொல்ல வாய் கூசுகிறது. என் கூட்டலில்தான் இருக்க வேண்டும். பால் கணக்கில் ஒரு நாள் விட்டுப்போனாலே எனக்குச் சோறு இறங்காது.

ஜெபக்கூட்டத்து அக்காவிடம் சொன்னேன். “அவங்க செத்து மண்ணாப் போயாச்சு. நீ எதுக்கும்மா தோண்டிக்கிட்டு இருக்கே? சங்கீதம் படி, மனசு ஆறும்.”

மனசு ஆறத்தான் தோண்டுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

மகன் கடைக்கு. மருமகள் ஆபீசுக்கு. பேத்தி தூங்குகிறாள். பிரிட்ஜ் மட்டும் முணுமுணுக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து, இரண்டு பஸ் மாறி, முதியோர் இல்லத்துக்குப் போனேன். மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரை அங்கே கொண்டுபோய் விட்டோம். கடையில் வார்னிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு, மறந்து தெருவில் நடந்துபோனவர். குழந்தை இருக்கிற வீட்டில் வேறு என்ன செய்ய என்றான் மகன். நானும் தலையாட்டினேன்.

ஆயுள் முழுக்க மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றிய கை. நர்ஸ் சிரிக்கிறாள்: “பேண்டேஜ் துணிய எல்லாம் பென்சில்ல சுத்தி வச்சிடறாரும்மா. அவ்ளோ நேர்த்தியா இருக்கு, பிரிக்க மனசு வரல.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “மோட்டார் கொண்டுவந்திருக்கீங்களா?”

“ஆமாங்க.”

“எத்தனை எச்.பி.?”

“ரெண்டு.”

“புதன்கிழமை வாங்க, ரெடியா இருக்கும். அட்வான்ஸ் வேணாம். தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க.”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்தேன்! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

யூதாவில் உசியா ராஜா. ஐம்பத்திரண்டு வருஷம் ஆண்டான். நடுவில் குஷ்டம் வந்து, சாகும்வரை தனித்த ஒரு வீட்டில் இருந்தான். அரண்மனையையும் ஜனங்களையும் மகன் யோதாம் பார்த்துக்கொண்டான். அப்படியானால் யோதாமின் பதினாறு வருஷமும் அப்பன் உயிரோடிருந்த காலத்திலேயே வந்திருக்கலாம். நான் இருவரையும் ஒருவருக்குப் பின் ஒருவராக அடுக்கியதுதான் தப்பு. உசியாவின் ஐம்பத்திரண்டிலிருந்து பதினாறை வெட்டினேன். ஆளாத வருஷம் எதற்குக் கணக்கில்? மீதி முப்பத்தாறு. மொத்தம் நூற்று நாற்பத்தொன்பது. இனி ஐந்தரை வருஷம்தான் உதைக்கிறது.

சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன். “சூப்பர்ம்மா. இதுக்கு யாரு சம்பளம் தர்றா?” என்றான். நல்ல பிள்ளைதான். அசதி.

மார்ச் 13, வெள்ளி

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் தையல் மிஷின் ஓடவில்லை என்றாள். “அவர் இருந்தப்போ இதெல்லாம் நிமிஷத்துல பார்த்துடுவாரு,” என்றேன்.

“ஐயோ... எப்பக்கா தவறினாரு?”

அவள் என் கையைப் பிடித்தாள். இல்லம்மா, நல்லாத்தான் இருக்காரு — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லல. கையை விடவும் இல்லை. எத்தனை நாளாச்சு ஒருத்தர் என் கையைப் பிடிச்சு. அதுக்காகவா? சே, என்ன மனுஷி நான்.

மார்ச் 15, ஞாயிறு

பேத்திக்குக் காய்ச்சல். போகவில்லை.

மார்ச் 18, புதன்

வடக்கு ராஜாக்களைத் தேதிவாரியாகப் பொருத்த உட்கார்ந்தேன். வேதத்தில் ஒவ்வொருவரும் பட்டத்துக்கு வந்தது யூதா ராஜாவின் எத்தனையாம் வருஷம் என்று இருக்கிறது. சகரியா, உசியாவின் முப்பத்தெட்டாம் வருஷம். சல்லூம் முப்பத்தொன்பது. மெனாகேமும் அதே வருஷம். பெக்காகியா ஐம்பது. பெக்கா ஐம்பத்திரண்டு.

நானோ முப்பத்தாறோடு வெட்டிவிட்டேன். ஐந்து ராஜாக்களும் அந்தரத்தில் தொங்குகிறார்கள்.

ஒருவரையும் பார்க்காமல், ஒரு தீர்ப்பும் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் இருந்தவன். அடுத்த தேசத்துக்காரன்கூட அவன் வருஷத்தை வைத்துத்தான் தேதி குறித்திருக்கிறான். வெட்டக் கூடாது. மகனுடையதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். இரண்டும் ஓடும்.

வெட்டியதைத் திருப்பி எழுதினேன்.

மார்ச் 19, வியாழன்

யோதாமின் தாய் பெயர் எருசாள். மகனைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான் அவள் பெயர் வருகிறது. புருஷன் தனித்த வீட்டுக்குப் போனபின் அவள் எங்கே இருந்தாள்? எழுதவில்லை. மகனோடு அரண்மனையில் இருந்திருப்பாள். சாப்பாடு நன்றாக இருந்திருக்கும்.

குஷ்டரோகியை அண்டக் கூடாதென்ற நியாயப்பிரமாணம் அவளைப் போகவிடாமல் தடுத்தது. என்னை எது தடுக்கிறது?

மார்ச் 22, ஞாயிறு

நானும் அவரோடு அங்கேயே தங்கலாமா என்று இல்லத்து மேட்ரனிடம் கேட்டேன். மாடிப்படிக்குப் பக்கத்து அறை காலி, இரண்டு கட்டில் போடலாம் என்றார். “ஆனா யோசிச்சுக்கோங்கம்மா. அவருக்கு உங்களைத் தெரியாது.”

“எனக்கு அவரைத் தெரியுமே.”

மார்ச் 25, புதன்

வீட்டில் சொல்லிவிட்டேன். மகன் தட்டைத் தள்ளினான். “ஊரு என்னம்மா சொல்லும்? பெத்தவளையும் கொண்டுபோய்த் தள்ளிட்டான்னு சொல்லாது?”

“என்னைக் கேட்டா நானே வந்தேன்னு சொல்றேன்.”

“பாப்பாவ யாரு பார்ப்பா?”

அதுதான் வலிக்கிறது. அவள் என் சேலை நுனியைச் சப்பிக்கொண்டுதான் தூங்குவாள்.

மருமகள், “அத்தை, நான் ஏதாச்சும் தப்பா நடந்துக்கிட்டேனா?” என்றாள். இல்லை தாயே, இல்லை. நம்பினாளா தெரியவில்லை.

மார்ச் 28, சனி

டம்ளர் வைக்கிற சத்தத்தில்தான் எல்லாம் தெரிகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

மருமகள் தானாகவே ஒரு குழந்தைகள் காப்பகம் பார்த்துவிட்டு வந்தாள். என் போர்வையையும் துவைத்துப் போட்டாள்.

ஏப்ரல் 11, சனி

மகன் என் பெட்டியை அறையில் வைத்துவிட்டு, அப்பாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, வேகமாகப் போனான். அழுதிருப்பான்.

சாயங்கால வெயில் இரண்டாவது கட்டிலில் விழுந்திருந்தது. பஸ் அசதி, கால் கெஞ்சியது. உட்காரப் போனேன்.

“அதுல உக்காராதீங்க,” என்றார். அதட்டல் இல்லை, பணிவாகத்தான். “அது என் வீட்டுக்காரிக்கு. வந்துடுவா.”

“சரிங்க,” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.