சாட்சிக்கு வைத்த கல்

கிழக்குத் தாம்பரம்
10.1.2026

அன்புள்ள அண்ணாவுக்கு, சௌந்தரி எழுதுவது.

ஆகஸ்டில் என் சமையலறைக் கூரை ஷீட்டை உடைத்துக்கொண்டு விழுந்த கல் பூமியில் உண்டானது அல்ல. பொத்தேரி ஆய்வகத்தில் அதைச் சோதித்த ஷர்மிளா நேற்று நேரில் சொன்னார். விண்கல். அதில் கல் வகை. ஒரு துண்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக இருந்தது, நடுநடுவே இரும்புத் துணுக்குகள். கறுப்பான மேல்தோல் வரும் வழியில் எரிந்து உண்டானதாம்.

பக்கத்து வீட்டிலிருந்து நீதான் எறிந்தாய் என்று போலீசில் புகார் கொடுத்தேன். சாட்சிக்கு வேண்டும் என்று கல்லைக் கழுவாமல், யாரையும் தொடவிடாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்தேன். ஜெனிதான், "ம்மா, ரோட்டுக் கல்லு இப்படி இருக்காது" என்று காலேஜுக்கு எடுத்துப்போனாள். "இவ்ளோ சுத்தமா யாரும் வெச்சிருக்க மாட்டாங்க மேடம்" என்றார் ஷர்மிளா. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நீ எறியவில்லை அண்ணா. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் தபால். அண்ணிக்கு முட்டிவலி எப்படி?

ஞானசௌந்தரி

குன்றத்தூர்
17.1.2026

தங்கச்சிக்கு,

அண்ணி நடக்கிறாள். அங்கிருந்து மாறிவந்த இந்த வீட்டில் தண்ணீர்தான் உப்பு.

கல் விழுந்த அன்று காலை, உன் பக்கம் நீண்ட என் முருங்கைக் கிளையை வெட்டினாய். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு கிளைய வெட்டுனா வானமா இடிஞ்சு விழப்போவுது?" என்றாய். சாயங்காலம் விழுந்தது. அதற்கு நான் என்னம்மா செய்வேன்?

நெருப்பு மாதிரி ஒன்று போனது, இடி போலச் சத்தம் கேட்டது என்று அப்போதே உன் வாசலில் நின்று சொன்னேன். "கல்லையும் எறிஞ்சிட்டு கதை வேற விடறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினாய். இப்போது ஆய்வகம் சொன்னதும் நம்புகிறாய். ஸ்டேஷனில் உட்கார்ந்ததுகூடப் பெரிதில்லை, இதுதான் ஆறவில்லை.

ஜெனிக்கு என் முத்தங்கள்.

ஏசுதாசன்

கிழக்குத் தாம்பரம்
25.1.2026

அண்ணா,

புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். இன்று ஆராதனை முடிந்து தெருக்காரர்கள் வாசலில் நின்றபோது, "எங்கண்ணன் எறியல, நான்தான் வீணா பழி போட்டேன்" என்று சொன்னேன். எதிர்வீட்டு ஐசக் சார், "அப்போ கேஸ் இனிமே கடவுள் மேலயா டீச்சர்?" என்றார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

கல் விழுவதை யாராவது பார்த்திருந்தால் ஒரு விதமாகவும், பார்க்காவிட்டால் வெறுமனே கண்டெடுத்த கல் என்றும் பதிவு செய்வார்களாம். "யாராவது பாத்தாங்களா மேடம்?" என்று ஷர்மிளா கேட்டார்.

"எங்கண்ணன் பார்த்தார்" என்றேன். வேறு யாரும் பார்க்கவில்லை அண்ணா.

கல்லின் வயது மார்ச்சில் தெரியுமாம். பெயரைச் சர்வதேசக் குழு ஜூனில் முடிவு செய்யும். நீ நின்ற இடத்தையும் அது போன திசையையும் குறித்துக்கொள்ள ஷர்மிளா பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை காலை இங்கே வருகிறார். வெட்டிய முருங்கை துளிர்த்திருக்கிறது.

அண்ணன் வருவாரா என்று கேட்டார். சனிக்கிழமை தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

சௌந்தரி