தெரு வரிசையில் ரசீதுகள்

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். வீட்டுப் பக்கம் நீ வந்து இரண்டு மாதமாகிறது என்று உன் அண்ணி நாள் கணக்குச் சொல்கிறாள்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று சிரிப்பாய். இந்த விஷயத்தைப் போனில் பேசவே கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கடை வண்டி டிரைவர் கொண்டுவருவான். படித்ததும் கிழித்துப் போடு.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நகராட்சித் தலைவர் தேர்தலில் வாத்தியார் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் ஊர் முழுக்கக் குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை வரும். குழாய் விற்கிறவன் நான். அவர் செலவுக்கு ஆறு லட்சம் தரத் தயார். ஆனால் டெண்டர் போடுகிறவன் வேட்பாளருக்கு ஒரு காசு தரக் கூடாது என்று சட்டம்.

உங்கள் பஸ் டிப்போ சங்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்ததாக ரசீது போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? நீ பொருளாளர், கையெழுத்து மட்டும் போடு. ரசீதை என் கணக்குப்பிள்ளை எழுதித் தருவான்.

பெண் கண்டக்டர்களுக்கு ஓய்வறை கேட்டு எட்டு வருஷமாக மனு எழுதுகிறீர்கள். முதல் மாதமே கட்டித் தருவதாக வாத்தியார் என் எதிரில் வாக்குக் கொடுத்திருக்கிறார். யோசித்துப் பார்.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் போட்டாயிற்று. டிக்கெட் கிழித்துப் பழகிய கை என்பதால் தாங்கியது. டியூட்டி முடிந்து வந்து அடுப்படி மேடையில் நின்றபடியே போட்டேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று பயம்.

நேற்று கமிட்டியில் வாத்தியாருக்கு ஆதரவு என்று எல்லோரும் கை தூக்கினார்கள். மெக்கானிக் மட்டும் தூக்கவில்லை. தெரியுமே உங்களுக்கு, அந்த முன்கோபி. "ஆறு லட்சம் வசூலாச்சாமே? என்கிட்ட யாரும் கேட்கவே இல்லையே?" என்றார். "உங்க பேர்ல நாங்களே போட்டுட்டோம்ணே, வட்டியில்லாம" என்றேன். கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

எனக்கு இதில் மனசில்லை அண்ணா. ஆனால் முதல் பஸ்ஸுக்கு வருகிற பெண்கள் டயர் குடோனுக்குள் போய் உடை மாற்றுகிறார்கள். ஒருத்தி மாற்ற, ஒருத்தி வாசலில் காவல். அதற்காகத்தான் போட்டேன். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரப் பார்க்கிறேன்.

பாப்பா


ஏப்ரல் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாத்தியார் ஜெயித்த மறுநாளே தோற்றவர்கள் புகார் கொடுத்தார்களே, அதை விசாரிக்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருக்கிறார். ரசீதுகளை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்க்காரங்க தெரு வரிசையிலதான் நன்கொடை குடுப்பாங்களா?" என்று கேட்டாராம்.

மடத்தனம் என்னுடையது. நீ கொடுத்த பட்டியலில் பெயர்தான் இருந்தது, விலாசம் இல்லை. வருஷா வருஷம் வீடு வீடாகக் கடைக் காலண்டர் கொடுக்கிறோமே, அந்த விலாச நோட்டைப் பார்த்து எழுது என்று கணக்குப்பிள்ளையிடம் நானேதான் சொன்னேன். அதில் வண்டி போகிற வழிப்படி இருக்கும். போகும்போது தெருவின் இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். அவன் அதே வரிசையில் ரசீது எண்ணும் போட்டுத் தொலைத்திருக்கிறான். ஆறு மாதம் முன்பே வீடு மாறிப்போன டிரைவர் ஒருவர் பழைய வீட்டிலிருந்து நன்கொடை கொடுத்திருக்கிறார்!

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். நீ வீடு வீடாக நடந்து வசூல் செய்ததாகச் சொல். தெரு வரிசை தானாகச் சரியாகிவிடும். உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "ஆமா, குடுத்தேன்" என்றால் போதும். நீ முன்கூட்டியே சொல்லிவை.

இல்லையென்றால் எனக்கு டெண்டர் போடவே தடை வரும். வாங்கிப் போட்ட குழாய் குடோன் முழுக்கக் கிடக்கிறது, எல்லாம் வங்கிக் கடன். சைக்கிளில் குழாய் கட்டி விற்று மேலே வந்தவன் நான். மறுபடி மிதிக்க முழங்கால் இல்லை.

அண்ணன்


மே 9, வெள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரமாகப் பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் "நீ சொன்னா சரிக்கா" என்றார்கள். ஏன், எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மெக்கானிக்கிடம் கடைசியாகப் போனேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வராமலே பேசினார். "சொல்லிடறேம்மா. குடுக்காத காசைக் குடுத்தேன்னு சொல்லிடறேன். நாளைக்கு நிர்வாகம் ஒரு பேப்பரை நீட்டி, உங்க போனஸெல்லாம் குடுத்தாச்சு, பாரு கையெழுத்துன்னா, பொய்னு சொல்ல நமக்கு வாய் இருக்குமா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பெரிய ஸ்பேனரை எடு" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். கையெழுத்து என்னுடையது. வேலை போனாலும் போகட்டும். பணம் யாருடையது என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன். இனிமேல் ஒன்றை மறைக்க இன்னொன்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நடுவில் திங்கட்கிழமை இருக்கிறது. நீங்களே முந்திப் போய்ச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் தண்டனை குறையும் என்கிறார்கள். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் எனக்கும் வராது. கெஞ்சிக் கேட்கிறேன், போய்விட்டு வாருங்கள்.

பாப்பா


மே 12, திங்கள்

பாப்பா,

போய்விட்டு வந்தேன். உடனே சந்தோஷப்படாதே, முழுதும் படி.

ஒத்துக்கொள்ளத்தான் கிளம்பினேன். வழியில் வக்கீல் காரில் ஏறிக்கொண்டார். பத்து நிமிஷப் பயணம்தான், அதற்குள் என் புத்தி பேரம் பேச ஆரம்பித்துவிட்டது. ஓய்வறை கட்டச் சங்கத்துக்குப் பணம் கொடுத்தேன், அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இதுதான் நான் சொன்னது. நான் தப்பிக்க அது வழி. பழி முழுக்க உன் தலையில் விழும். தெரிந்தேதான் சொன்னேன். உன்னிடம் மழுப்பி என்ன ஆகப்போகிறது?

அதிகாரி இருமிக்கொண்டே எழுதினார். அறையில் காற்றே இல்லை. எல்லாம் முடித்துப் பேனாவை மூடிய பிறகு கேட்டார், "அந்தப் பொருளாளர் அம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

மேசைக்கு அடியில் வக்கீல் என் காலை மிதித்தார்.

"கடைக்கு வர்ற கஸ்டமர்" என்றேன்.

பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷ வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஏதோ லாபம் இருந்தது. இதில் அதுவும் இல்லை. டீக்கடையில் விசாரித்தாலே தெரிந்துவிடும். தெரிந்தும் வாய் சொல்லிவிட்டது.

வக்கீலைக் காரில் அனுப்பிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணியிடம் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை.

நாளைக்கு உன்னிடமும் அதையே கேட்பார், நான் உனக்கு என்ன வேணும் என்று. நடந்ததை நடந்தபடி சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். இதையும் அப்படியே சொல்லிவிடு.

அண்ணன்