பக்கத்து நாற்காலி

தேஜான்
மார்ச் 7

அன்புள்ள யோன்மிக்கு,

துணிப்பெட்டியைப் பிரித்ததும் மேலே காகிதம் இருப்பதைப் பார்த்துச் சிரித்திருப்பாய். "இந்தக் காலத்துல லெட்டரா, இந்த அக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று உன் வீட்டுக்காரர் மான்சுவிடம் சொல்லியும் இருப்பாய். கிறுக்கெல்லாம் இல்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கால் சென்டரை விட்டு வெளியே வந்த அன்று நாம் என்ன பேசிக்கொண்டோம்? இனி எவனும் தலைக்குப் பின்னால் நின்று கடிகாரம் பார்க்க மாட்டான், நீ நாய்ச்சட்டை தைப்பாய், நான் இணையத்தில் விற்பேன், இரண்டு ராணிகள் மாதிரி இருப்போம் என்றோம். நேற்று இந்த ராணி என்ன செய்தாள் தெரியுமா? வாடிக்கையாளர்களின் கேள்விகள் குவிந்து கிடக்க, குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகனை ராணுவத்துக்கு அனுப்பிவிட்ட வீட்டில் ஏன் என்று கேட்க ஆளில்லை. தூபு மட்டும் வாசல் பக்கம் படுத்துப் பார்த்தது. சட்டை போட்டுப் படம் எடுக்கவே பிஸ்கட் கேட்கும் நாய், அது என்னை அதட்டுமா? உன் கதையும் இதேதான் என்று எனக்குத் தெரியும். நீ மெஷின் முன் உட்கார்ந்தபடி மதியம் வரை என்னோடு அரட்டை அடிக்கிறாய்.

அங்கே அத்தனை வருடம் எப்படி உழைத்தோம் என்று யோசித்தேன். மேலாளருக்குப் பயந்து இல்லை. பக்கத்து நாற்காலியில் நீ இருந்தாய். நீ "வணக்கம், சொல்லுங்க" என்று அடுத்த அழைப்பை எடுக்கும்போது எனக்கு மட்டும் சும்மா இருக்க வெட்கமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அதனால் இப்படிச் செய்வோம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கேமராவைத் திறந்து வைத்து ஊர்பேர் தெரியாதவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார்களே, அதே மாதிரி. காலை ஒன்பதுக்கு நீ என் திரையில், நான் உன் திரையில். சத்தத்தை மூடிவிட வேண்டும். கூரியர்காரர் வந்து போகும்வரை யாரும் அணைக்கக் கூடாது. கைபேசியில் ஆர்டர் எண்ணைத் தவிர ஒரு வார்த்தை ஆகாது. இரவிலும் கூப்பிடாதே, நாம் பேச ஆரம்பித்தால் மறுநாள் வேலை பாழ். துணி இங்கிருந்து வரும், தைத்தது அங்கிருந்து வரும். சொல்ல வேண்டியதை எழுதிப் பெட்டியில் போட்டுவிடு.

ரொம்பக் கண்டிப்பு என்று தோன்றினால் திட்டி எழுது.

உன்
ஹேரான் அக்கா


தோங்யோங்
ஏப்ரல் 12

என் ஹேரான் அக்காவுக்கு,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் ஏற்பாடு வேலை செய்து தொலைக்கிறது. நேற்று எனக்குக் குளியலறை ஓடுகளைத் தேய்க்க வேண்டும் போல் கை அரித்தது. நிமிர்ந்தால் திரையில் நீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருக்கிறாய். மறுபடி உட்கார்ந்து நான்கு கழுத்துப்பட்டி தைத்தேன். பழையபடி நீ என் இடப்பக்கம் இருப்பது போலவே இருக்கிறது. வாய்க்குள் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை உனக்கு.

ஒரு குறை. நீ கழிப்பறைக்கு எழுந்து போகும்போது கேமராவைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டுப் போகிறாய், அலுவலகத்தில் செய்த மாதிரியே. அதைப் பார்த்து மான்சு, "உன் மேலதிகாரி உனக்கே கும்பிடு போடுறாங்க, நீ பெரிய ஆளுதான்" என்று கேலி செய்கிறார். அவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை அதிகம். விடியுமுன் போய் இருட்டின பிறகுதான் வருகிறார். இந்த ஊரில் இன்னும் எனக்கு யாரையும் தெரியாது. மீன் விற்கும் அம்மாள் மட்டும் சிப்பிக் கஞ்சி வைப்பது எப்படி என்று நான் கேட்காமலே தினமும் சொல்கிறாள்.

நம் இணையக் கடையின் பக்கத்தில் போட நான் தைப்பதை வீடியோ எடுக்கச் சொன்னாயே, எடுத்து அனுப்பிவிட்டேன். பழைய டேப்லெட்டை எதிரே சாய்த்து வைத்துவிட்டு அணைக்க மறந்து முழு நாளும் ஓடியிருக்கிறது. நல்ல இடமாக வெட்டிக் கொஞ்சம்தான் உனக்கு அனுப்பினேன். மீதியில் நான் கொட்டாவி விடுகிறேன், அதை உலகம் பார்க்க வேண்டாம்.

உன்
யோன்மி


தேஜான்
ஜூன் 20

அன்புள்ள யோன்மி,

உன் கடிதம் வந்து எத்தனை பெட்டி ஆயிற்று? தைத்தது மட்டும் வருகிறது. சரி, வேலை மும்முரம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாய் மழைக்கோட்டு விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது. மழைக்காலம் தொடங்கவேயில்லை, அதற்குள் இப்படி. நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் சில காலைகளில் எனக்கு உட்காரவே மனம் வரவில்லை. மகனிடமிருந்து தகவல் இல்லாத வாரம் அது. போர்வையை விலக்காமல் கிடக்கலாம் என்று நினைப்பேன். பிறகு ஒன்பது மணிக்குத் திரையைத் திறந்தால் நீ ஏற்கெனவே குனிந்து தைத்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் கூடத் தாமதம் இல்லை. உன்னைப் பார்த்துத்தான் எழுந்தேன், யோன்மி. இந்தக் கடை நடப்பது உன் குனிந்த தலையைப் பார்த்துத்தான்.

ஆனால் முன்பெல்லாம் இடையிடையே நாக்கைத் துருத்திக் காட்டுவாய். இப்போது நிமிர்வதே இல்லையே. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போன பெட்டியில் வந்த கோட்டுகளில் தையல் கோணல். கோட்டோடு சேர்த்துத் தைத்த தொப்பி ஆழமாகப் போய், பொமரேனியன் நாய் வைத்திருக்கும் ஒரு அம்மாள், "எங்க பையனுக்குக் கண்ணே தெரியல, தூண்ல முட்டிக்கிறான்" என்று எழுதியிருக்கிறாள். தூபுவுக்குப் போட்டுப் பார்த்தேன், அதுவும் முட்டிக்கொண்டது. கண் வலிக்கிறதா உனக்கு? வெளிச்சம் போதவில்லையா? சொன்னால் நல்ல விளக்கு வாங்கி அனுப்புகிறேன்.

அக்கா


தோங்யோங்
ஜூலை 3

அக்காவுக்கு,

தொப்பிகளைத் திருப்பி அனுப்பு, பிரித்துத் தைத்துத் தருகிறேன். ஊசி தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். விளக்கெல்லாம் வேண்டாம். மான்சு நன்றாக இருக்கிறார். நானும் நன்றாக இருக்கிறேன். கடல் அப்படியே இருக்கிறது.

உன் மகனுக்கு என் அன்பைச் சொல்.

யோன்மி


தேஜான்
ஆகஸ்ட் 11

யோன்மி,

நேற்று புயல் உங்கள் ஊர்ப் பக்கம் கரை ஏறுகிறது என்று செய்தி. மனம் கேட்கவில்லை. விதியை நானே மீறி, வேலை நேரத்தில் தொலைக்காட்சியைப் போட்டேன். தோங்யோங் படகுத்துறையில் அலை சுவரைத் தாண்டி விழுகிறது. செய்தி சொல்லும் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் தள்ளாடுகிறாள். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறது. பயந்துபோய் உன் திரையைப் பார்த்தேன். நீ தைத்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் ஜன்னலில் பளீரென்று வெயில்.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. உங்கள் தெருவுக்கு மட்டும் புயல் வரவில்லையோ என்று கூட நினைத்தேன், அவ்வளவு மக்கு நான். பிறகு அன்று முழுக்க வேலையை விட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குச் சற்று முன் நீ ஒரு கொட்டாவி விட்டாய். இன்று காலை மறுபடி பார்த்தேன். அதே இடத்தில் அதே கொட்டாவி. எப்போதும் அந்தச் சாம்பல் நிற ஏப்ரன்தான் கட்டியிருப்பாய், அதனால்தான் இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

எத்தனை மாதமாக? நான் ஒரு படத்துக்குக் காலை வணக்கம் சொல்லி, ஒரு படத்திடம் தலை குனிந்து அனுமதி கேட்டுக் கழிப்பறைக்குப் போயிருக்கிறேன். போர்வையை உதறிவிட்டு எழுந்தேனே, அதுவும் ஒரு படத்தைப் பார்த்துத்தான். நீ எங்கே போனாய்? வேறு வேலை பிடித்துக்கொண்டாயா? சொல்லியிருந்தால் வாழ்த்தித்தானே அனுப்பியிருப்பேன். கால் சென்டரில் நீ அழுத நாளெல்லாம் உன் அழைப்பையும் சேர்த்து எடுத்தவள் நான். என்னிடம் ஏன்?

கைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் கத்துவேன், கத்தினால் திரும்ப முடியாது. அதனால் எழுதுகிறேன். இந்தப் பெட்டியில் துணி இல்லை. உன்னிடம் இருக்கும் துணியைத் திருப்பி அனுப்பிவிடு. கடையை மூடிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஹேரான்


தோங்யோங்
ஆகஸ்ட் 19

அக்கா,

வேறு வேலை பிடிக்கவில்லை. எங்கேயும் போகவும் இல்லை. அந்த அறையிலேயேதான் இருந்தேன், தரையில்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மே மாதம் ஒரு காலை மான்சு போன பிறகு மெஷின் முன் உட்கார்ந்தேன். நூல் கோக்க முடியவில்லை. கை நடுங்கவில்லை, கண் தெரியாமலும் இல்லை. கோக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு நீ வந்துவிடுவாய். நீ என்னைப் பார்த்துத்தான் வேலை செய்வாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் என்று நினைத்து, டேப்லெட்டில் இருந்த அந்த முழுநாள் வீடியோவை ஓடவிட்டு மடிக்கணினியின் கேமராவுக்கு எதிரே நிறுத்தினேன். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். மறுநாளும் முடியவில்லை. அதற்கடுத்த நாளும்.

நீ எனக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தாய். மடிக்கணினியைக் கீழிருந்து பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்திருந்தேன். நீ மிட்டாய் மாற்றுவதைப் பார்ப்பேன். தூபு உன் மடியில் ஏறுவதைப் பார்ப்பேன். நீ எழுந்து போகும்போது தலை குனிவாயே, நான் படுத்தபடியே பதிலுக்குக் குனிவேன். நாள் முழுவதும் நான் செய்த ஒரே வேலை அதுதான். சாயங்காலம் மான்சு வருவதற்குள் எப்படியோ எழுந்து மெஷினில் உட்காருவேன். அப்போது தைத்ததுதான் அந்தக் கோணல் தொப்பிகள். அவருக்கும் எதுவும் தெரியாது.

என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை, அக்கா. யாரும் சாகவில்லை. மான்சு அடிக்கவில்லை, குடிக்கவில்லை. கடை நன்றாகப் போகிறது. துக்கப்பட ஒரு காரணம் கூட இல்லாதவள் படுத்துக் கிடந்தால் அதற்கு என்ன பெயர்? சோம்பேறி என்றுதானே. நீ ஜூன் மாதம் எழுதினாயே, உன் குனிந்த தலையைப் பார்த்துத்தான் கடை நடக்கிறது என்று. அதைப் படித்த பிறகு சொல்லவே வழியில்லாமல் போயிற்று. சொன்னால் நீயும் படுத்துவிடுவாய் என்று பயந்தேன்.

துணியை மடித்து வைத்திருக்கிறேன். பெட்டி கட்டத்தான் தெம்பு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

யோன்மி


தேஜான்
ஆகஸ்ட் 23

யோன்மி,

துணியைக் கட்டாதே. அங்கேயே கிடக்கட்டும்.

உன் கடிதத்தைத் தூபுவுக்குப் படித்துக் காட்டினேன், வேறு யாரிடம் காட்ட? பாதியில் என்னால் படிக்க முடியவில்லை. போன கடிதத்தில் உன்னை மோசக்காரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கடைசி நேரத்தில் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். விட்டது நல்லதாயிற்று.

இப்போது நான் சொல்வதைக் கேள். கடைப்பக்கத்தில் அறிவிப்புப் போட்டுவிட்டேன்: "தைப்பவருக்கு உடம்பு சரியில்லை, குளிர்காலச் சட்டைகள் தாமதமாகும்." சிலர் ஆர்டரை ரத்து செய்தார்கள், செய்யட்டும். அந்தப் பொமரேனியன் அம்மாள், "மெதுவா ஆகட்டும், எங்க பையன் போன வருஷத்துச் சட்டையப் போட்டுக்குவான்" என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லவில்லை. இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை, நோய். காரணம் இருந்தால்தான் காய்ச்சல் வர வேண்டுமா? மான்சுவிடம் இன்று இரவே சொல். இல்லையென்றால் நான் பேருந்து ஏறி வந்து சொல்வேன், வந்தால் ஒரு வாரம் தங்குவேன், உன் சிப்பிக் கஞ்சியைக் குறை சொல்வேன். அவர் உன்னை மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும்.

அடுத்தது. அந்த டேப்லெட்டை எடுத்து அலமாரியில் வை. காலை ஒன்பதுக்குக் கேமராவைத் தரைப்பக்கம் திருப்பி வை. படுத்திருந்தால் படுத்திரு. தலையணை வைத்துக்கொள், வெறும் தரையில் கிடக்காதே. நான் படுத்துவிடுவேன் என்று பயந்தாயாம். அடி பைத்தியமே, பக்கத்து நாற்காலியில் நீ இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன், நீ தைக்க வேண்டும் என்று எப்போது கேட்டேன்?

உன்
அக்கா


தோங்யோங்
செப்டம்பர் 30

என் அக்காவுக்கு,

பெட்டியில் சட்டை எதுவும் இல்லை. நெத்திலிக் கருவாடும் இந்தக் காகிதமும்தான்.

மான்சுவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "நான் இருட்டுல போய் இருட்டுல வந்தா எனக்கு எப்படித் தெரியும், நீ சொல்லணும்ல" என்று கோபப்பட்டு, உடனே மன்னிப்பும் கேட்டார். மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வாய் உலர்கிறது, தூக்கம் வருகிறது. உடனே சரியாகும் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கேமராவைத் தரைப்பக்கம் திருப்பி வைத்த முதல் நாள் வெட்கத்தில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். நீ ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டாய். அதற்குப் பிறகு வெட்கம் குறைந்தது.

நேற்று நீ சாப்பிடப் போயிருந்தபோது நான் எழுந்து மெஷின் முன் உட்கார்ந்தேன். நூல் கோத்தேன். துணியில் ஒரு கோடு தைத்தேன், நேராகத்தான் வந்தது. பிறகு களைத்துப்போய், நீ திரும்பி வருவதற்குள் மறுபடி படுத்துவிட்டேன். நீ பார்த்தது படுத்திருந்த என்னைத்தான். நடுவில் எழுந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

உன்
யோன்மி