அப்பா மறுபடியும் தப்பாகச் சொன்னார்

அன்பு வாலுக்குட்டிக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் தெரிந்தேதான் எழுதுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நம் வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் ஹாலில் கேட்கும், அப்பாவுக்கோ இப்போது பாம்புக் காது. அதனால் அவர் தூங்கியதும் உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, வர வேண்டாம். அப்பா திரும்பி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது போன மாதம், நான் சொல்வது வேறு.

ட்யூப்லைட் மாற்றப்போய் ஸ்டூலிலிருந்து விழுந்ததும், தலையில் ரத்தம் கட்டி ஆபரேஷன் செய்ததும், இடது கை கொஞ்சம் பலவீனமாகிவிட்டதும் உனக்குத் தெரியும். நினைவு தப்பவில்லை என்று நானே சொன்னேன், அதுவும் பொய்யில்லை. கண் விழித்த மறுநாளே அவருடைய க்விஸ் கூட்டாளி ஸ்டாப்வாட்ச் மாமா வந்து கட்டிலருகே உட்கார்ந்துகொண்டார். வந்தவர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, டேய், ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று ஆரம்பித்தார். அப்பா மூன்று என்றார். பியானோவில் எத்தனை கட்டை, எண்பத்தெட்டு. முதல் உலகப் போர் எந்த வருஷம் முடிந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. வாலிபாலில் ஒரு பக்கம் எத்தனை பேர், ஆறு. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சி, இவன் மண்டைக்கு ஒண்ணும் ஆகலை, உள்ளே எல்லாம் அடுக்கினது அடுக்கினபடி இருக்கு என்றார். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். எல்லோரும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள், நான் மட்டும் அந்த மூன்றிலேயே நின்றுவிட்டேன்.

உன் அப்பா என்றைக்காவது மூன்று என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறாரா சொல். ஏன் மூன்று, எதற்கு எது ரத்தம் அனுப்புகிறது என்று சாப்பாடு ஆறும்வரை விடமாட்டாரே. இப்போதோ ரேடியோவில் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன், குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். ஜன்னலைத் திறக்கட்டுமா, சரி. மூடட்டுமா, சரி. நீ சொன்னா சரிதான், நீ சொன்னா சரிதான், கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல ஆகிவிட்டது. மனசு பொறுக்காமல் ஒருநாள் நம் வீட்டுப் பழைய சண்டையையே எடுத்தேன். சூரியக் குடும்பத்திலேயே ரொம்பச் சூடான கிரகம் வெள்ளிதானே என்று கேட்டேன். ஆமா, வெள்ளிதான் என்றார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆறாவது படிக்கும்போது நீ பாடப்புத்தகத்தோடு வந்து நின்றாயே, அதை அச்சடிச்சவன் என்ன நேர்ல போய்த் தொட்டுப் பார்த்தானா, புதன்தான் சூடு என்று உன்னை விரட்டிய மனுஷன் அவர். டாக்டரம்மாவிடம் போய், எதற்கெடுத்தாலும் ஒத்துக்கொள்கிறார் டாக்டர் என்றேன். அவர் சிரித்துவிட்டு, சண்டை போடாத புருஷன் வேணும்னு எத்தனை பேர் தவம் கிடக்கறாங்க, நீங்க இதுக்கு மருந்து கேக்கறீங்களே என்றார். இருக்கிற ஆளைத் தேடுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது.

இன்று காலை, கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் வந்திருந்தாள். உன்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், கல்லூரி முடிக்கும் முன்பே கல்யாணம் செய்துகொண்டதில் கிடைத்த லாபம் இது ஒன்றுதான். ரப்பர் பந்தை அவர் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லிவிட்டு, அலுப்புத் தெரியாமல் இருக்க அவள் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரொம்பச் சூடான கிரகம் எது சார் என்று கேட்டது காதில் விழுந்தது. குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன். புதன் என்றார். இல்ல சார், வெள்ளி என்றாள் அவள். யாரும்மா உனக்குச் சொன்னது என்று ஒரு குரல், வாலு, அந்தப் பழைய குரல்! அடுப்புக்குப் பக்கத்துல உக்கார்ந்தவனுக்குச் சுடாதாம், தள்ளி உக்கார்ந்தவனுக்குத்தான் சுடுமாம், நல்லா இருக்கே கதை என்றார். வெள்ளியில காத்து கனமா இருக்கு சார், போர்வை மாதிரி சூட்டை வெளிய விடாது என்று அவளும் விடவில்லை. போர்வை போத்துனா வேர்க்கும்மா, வேகாது என்றார். பேசிய வேகத்தில் பந்து உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. நான் சோப்பு நுரைக் கையோடு ஹாலுக்கு ஓடிவந்து நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பாவம் அந்தப் பெண், தப்பா ஏதாவது கேட்டுட்டேனா அக்கா என்று மிரண்டுபோனாள். இவர் என்னைப் பார்த்து, நீ இயற்பியல் படிச்சவதானே, நீயே சொல்லு என்றார். வெள்ளிதான் என்றேன், அழுத்தந்திருத்தமாக. நீ எப்பவும் உன் பொண்ணு கட்சிதானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானம் பேசவேயில்லை. சாயங்காலம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரைன்னு ஒண்ணு கடையில விக்குது, தெரியுமா என்றார். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு வசவு கேட்டு.

கை முழுதாகச் சரியாக மாதக்கணக்காகுமாம், ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம். நீ பரீட்சையை நல்லபடியாக எழுது. ராத்திரி கண் விழித்தால் பகலில் ஒரு மணி நேரமாவது படு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, உன் அறைத்தோழியை விசாரித்ததாகச் சொல். என் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும், எடுத்த படிப்பு குறையில்லாமல் நிறையட்டும். முக்கியமான ஒன்று, ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் போட்டுத் தீர்ப்புக் கேட்கப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். உடம்பு முடியாத மனுஷன், போனால் போகிறது என்று புதன் என்று சொல்லிவைக்காதே. கத்துவார், போனை வைத்துவிடுவார், வைக்கட்டும். ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதே.

இப்படிக்கு,
வெள்ளிக் கட்சியில் உனக்குத் துணையாக நிற்கும்
உன் அம்மா