டிரம்ஸ்: வேதாந்தம்

16.6.96, ஞாயிறு

மழை ஒருவழியாக விட்டது. கரண்ட் இன்னும் வரவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். மந்தைவெளியில் கிரீஷ் வீட்டில் அவன் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வெறும் கிதாரை மீட்ட, நான் அவன் அப்பாவின் பழைய சூட்கேஸில் தட்ட, என் தங்கை ஜானு கீபோர்டைத் தொட வழியில்லாமல் உட்கார்ந்திருக்க, எங்கள் பேண்டின் கேசட்டுக்கு முதல் பாட்டு வந்துவிட்டது. முதலில் வந்தது என் தட்டல். அதற்குமேல்தான் கிரீஷ் ‘குடை எதுக்கு, குடை எதுக்கு’ என்று பாட ஆரம்பித்தான். “நீ தட்டினது மழையில ஓடற மாதிரி இருந்துது மச்சி. அதான் வார்த்தை வந்துது” என்றான்.

தமிழில் ராக் பாடினால் யார் கேட்பார்கள் என்று கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து கேட்கட்டும். என் கை வாசித்தது ஒரு கேசட்டில் நிற்க வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

2.7.96, செவ்வாய்

நாங்களே பதிந்து கொடுத்த டேப்பைக் கேட்டு கேசட் கம்பெனி சரி சொல்லிவிட்டது. கிரீஷ்தான் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

ஜானுவுக்குத் திடீரென்று என் வாத்தியத்தின் மேல் அக்கறை. “அண்ணா, ரெண்டாவது வரில கால் டிரம் எங்கெல்லாம் விழறது? சரணம் முடியற எடத்துல என்ன பண்றே?” சாப்பாட்டுத் தட்டில் தட்டித் தட்டிக் காட்டினேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் என்னவோ செய்துகொண்டே இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இப்போதாவது கேட்டாளே.

13.7.96, சனி

தி. நகர் ஸ்டூடியோ. இன்ஜினியர் ஜவஹர் ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக அடிக்கச் சொன்னார். மெதுவாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, ஓங்கி ஒன்று. “லெவல் பாக்கணும் சார், நீ பாட்டுக்கு அடிச்சிக்கினே இரு” என்றார். காலை முழுக்க அதுதான் வேலை. பிறகு, “இன்னிக்கு கிதார் மட்டும் எடுத்துக்கறோம் மச்சி, உனக்கு ஃபோன் பண்றேன்” என்றான் கிரீஷ். எங்கேயும் டிரம்ஸைத்தானே முதலில் எடுப்பார்கள்? மனதில் பட்டது. கேட்கவில்லை.

19.7.96

ஃபோன் வரவில்லை.

28.7.96, ஞாயிறு

பாட்டு முடிந்துவிட்டதாம், கேட்க வா என்று கூப்பிட்டான். முடிந்துவிட்டதா? நான் இன்னும் வாசிக்கவே இல்லையே?

போட்டார்கள். டிரம்ஸ் இருந்தது. நான் வாசிப்பது அப்படியே, அடிக்கு அடி. “யார் வாசிச்சது?” என்றேன். கிரீஷ் ஜவஹரைப் பார்த்தான். கடைசியில் ஜவஹர்தான், “உன் டிரம்மு சத்தம்தான் சார். அன்னிக்கு நீ அடிச்சத எடுத்து மிஷின்ல போட்டுகீது. மிஷின் வாசிக்குது” என்றார்.

கிரீஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “பல்லவி வந்தா நீ தாளத்தை விட்டு வேகமா ஓடறே மச்சி. கம்பெனில டேப்பைக் கேட்டுட்டு, டிரம்மரை மாத்துன்னாங்க. உன்னை மாத்த மனசு வரல. அதான் இப்படி.”

மிஷினில் கோர்த்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. ஜானு அழ ஆரம்பித்துவிட்டாள். மயிலாப்பூரில் வீடு வரை நானும் அவளும் ஒரே ஆட்டோவில் வந்தோம்.

29.7.96

தூக்கமில்லை. நானே சொல்லிக் குடுத்திருக்கேன். சோத்துத் தட்டுல தாளம் போட்டு, ஒவ்வொரு அடியா, நானே. எவ்வளவு பெரிய முட்டாள் — ஓடறேன்னு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருத்திண்டிருக்க மாட்டேனா? கிரீஷை விடு, அவன் சிநேகிதன். இவ என் கூடப் பொறந்தவ. பக்கத்து ரூம்ல உக்காந்துண்டு பண்ணியிருக்கா.

“சொன்னா நீ பேண்டை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்துட்டேன் அண்ணா” என்கிறாள். இப்போது மட்டும் என்ன, இருக்கப்போகிறேனா?

20.9.96, வெள்ளி

கேசட் வந்துவிட்டது. அட்டையில், ‘டிரம்ஸ்: வேதாந்தம்’. கிரீஷுக்கு ஃபோன் செய்து என் பெயரை எடு என்றேன். “பேரைப் போடலேன்னாதான்டா எல்லாரும் சண்டைக்கு வருவாங்க” என்றான். சிரிப்பு வந்தது. சிரிக்காமல் வைத்துவிட்டேன்.

6.10.96, ஞாயிறு

மாடி வீட்டு கஸ்தூரிரங்கன் மாமா கேசட்டைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார். சபாக்களில் கச்சேரி கேட்டே பழுத்தவர். “எனக்கு இந்தப் பாட்டெல்லாம் புரியாதுடா. ஆனா ஒரு எடத்துல கூட ஓடலியே நீ. கை நன்னா நின்னுடுத்து” என்று முதுகில் தட்டினார்.

காபியோடு நின்றிருந்த ஜானு, “ரொம்ப உழைச்சான் மாமா” என்றாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் காபியைக் குடித்தேன்.

24.10.96

விளம்பரங்களுக்கு இசையமைக்கிற ஒருவர் அடையாறிலிருந்து ஃபோன் செய்தார். “கேசட் கேட்டேன் தம்பி. கல்லு மாதிரி நிக்கிறீங்க. எனக்கு அப்படியே வேணும். அடுத்த மாசம் ரெக்கார்டிங், வர்றீங்களா?”

அது நான் இல்லை சார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. “வரேன் சார்” என்றேன்.

3.11.96, ஞாயிறு

தலையணைகளை டிரம்ஸ் மாதிரி அடுக்கி வைத்து, கேசட்டைப் போட்டு, அதோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறேன். ஒரு வாரமாக இதுதான். ஜானு வாசலில் வந்து நின்று, “நான் தாளம் எண்ணட்டுமா அண்ணா?” என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

இன்றும் பல்லவி வந்ததும் நான் முந்திவிட்டேன். கேசட்டில் இருக்கிற வேதாந்தம் முந்தவில்லை.