பயமே வராத நடிப்பு

அன்புள்ள விவியன் அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நம் பிள்ளை விவியன் சுகமா? உங்கள் தலைவலி குறைந்ததா? போனில் சொன்னால் உங்களுக்கு மறந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நேற்று இங்கே ஈப்போவில் தாதியர் வகுப்பில் உங்கள் நோயை, ஒரே ஆளுக்குள் பல பேர் இருப்பதை, நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவன் கத்தியோடு உறுமினான், எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் போய்ச் சும்மா உட்கார்ந்து, கையிலிருந்த கோப்பையைப் பார்த்து, "இந்தத் தேத்தண்ணி யாரு கலக்குனா?" என்றேன், நீங்களே கலக்கிவிட்டு நினைவில்லாமல் கேட்பீர்களே, அதைப் போலவே.

"நடிக்கவே இல்லலா, பயமே வரல," என்றார் டீச்சர்.

"பயப்படுறது என் வீட்டுக்காரர்தான் டீச்சர்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

விடுதியில் தூக்கமே வரவில்லை. உங்கள் பச்சைப் போர்வையை பஸ்ஸில் அனுப்புங்கள்.

கடிதத்தை மேசைமேலேயே வையுங்கள். எதுவும் நினைவில்லாத வேளையில் உங்களுக்குள் வருகிறாரே, அவரும் படிக்கட்டும். அவரையும் நலம் விசாரித்தேன்.

உங்கள்
ஜூடித்